தஞ்சாவூரை இனிஷியலா வெச்சுக்கிட்ட வீடு

டி. சங்கரன், டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலசரஸ்வதி, டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம் பக்கம் லேசா எட்டிப் பார்த்தவங்களுக்குக் கூட இதுல ரெண்டு மூணு பேராவது தெரிஞ்சிருக்கும். எல்லாரும் ஒரே பாட்டியோட பேரப் பிள்ளைகள். ஆனா மூணு சகோதரிகளுக்குப் பிறந்தவர்கள். லக்ஷ்மிரத்னம் அம்மாளின் மகன் சங்கரன். காமாட்சி அம்மாளின் மகள்கள் பிருந்தாவும் முக்தாவும். மற்ற மூவரும் ஜெயம்மாளின் பிள்ளைகள். அம்மா மூணு பேர், அப்பாக்களும் வேற வேற. அப்புறம் எப்படி எல்லாருக்கும் ஒரே இனிஷியல்?

அந்த 'டி' எந்த அப்பாவோட பேரும் இல்லீங்க. தஞ்சாவூர். இத்தனைக்கும் இந்தத் தலைமுறைக்கு ஊர் மெட்ராஸ்தான். தஞ்சாவூரை விட்டு வந்தது இவர்களுடைய கொள்ளுப் பாட்டி, எள்ளுப் பாட்டி காலத்தில். ஆனாலும் அந்த ஊரை ஒரு எழுத்தாகச் சுருக்கி, பேருக்கு முன்னாடி மாட்டிக்கொண்டு அமெரிக்கா வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவு அந்த வீட்டின் பாட்டியைப் பற்றி. வீணை தனம்மாள். 1867-ல் பிறந்து 1938 அக்டோபரில் மறைந்தவர். 71 வயசு. இன்னைக்கு அது பெரிய வயசில்லை. ஆனா அவர் பிறந்த காலத்துக்கு அது ரொம்ப நீளமான வாழ்க்கை. அந்த 71 வருஷத்துக்குள்ள எத்தனை மாறிப் போச்சுன்னு பார்த்தா இன்னும் நீளமாத் தெரியும்.

தனம்மாளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறையப் பேர் எழுதியாச்சு. பெரும்பாலும் சங்கீதம் தெரிஞ்சவங்க எழுதினது. நமக்கு ராகம் கண்டுபிடிக்கவே ஆரோகணம் முடியற வரைக்கும் காத்திருக்கணும் :-) அதனால நான் வீணையை விட்டுட்டு வீட்டைப் பார்க்கப் போறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஆரம்பிப்போம். 18-ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர்களின் அரசவையில் ஆடிப் பாடியவர் பாப்பம்மாள். இந்தக் குடும்பம் தன் பரம்பரையைச் சொல்ல ஆரம்பிப்பது இவரிடமிருந்துதான். அந்த வரிசையில் வந்த காமாட்சி அம்மாள் புகழ் பெற்ற நாட்டியக்காரர். அவர் மகள் சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். சுந்தரம்மாளின் மகள்தான் தனம்மாள்.

1855-ல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அந்த அரசையே கம்பெனி எடுத்துக்கொண்டது. அரசவையை நம்பி இருந்த பாட்டு, ஆட்டம், வாத்தியம் எல்லாம் திசைக்கொன்றாய்ப் போயின. திருவாங்கூர், மைசூர் என்று சிலர். மெட்ராஸ் என்று பலர். அங்கே ஜார்ஜ் டவுனில் கம்பெனி வியாபாரத்தில் பணம் சேர்த்த துபாஷிகளும் செட்டியார்களும் இருந்தார்கள். ராஜாவுக்குப் பதில் வியாபாரி, அவ்வளவுதான். தனம்மாள் பிறந்தது ஜார்ஜ் டவுனில். ஆண் வாரிசு இல்லாததால் ஒரு ராஜ்யமே காலியான கதையையும், பெண் வாரிசுகளாலேயே ஒரு வீடு ஏழு தலைமுறை நின்ற கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எனக்கு அந்த இடத்துல கொஞ்ச நேரம் ஓடவே இல்லை.

இது தேவதாசி மரபில் வந்த கலைக் குடும்பம். அந்த மரபின் வீடுகளில் கணக்கு தலைகீழ். வம்சம் அம்மா வழியில் போகும். வீட்டுக்குச் சம்பாதிப்பவள் பெண், சொத்து அம்மாவிடமிருந்து மகளுக்கு. பெண் பிறந்தால் கொண்டாட்டம். ஆதரித்தவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு அப்பாவும் உண்டு. ஆனால் 'வீட்டுக்காரர்' என்று ஒருவர் வந்து நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்காரும் ஏற்பாடு கிடையாது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை கூட இந்தப் பெண்களுக்கு இருந்தது. மற்ற இந்துப் பெண்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம் அது. மெட்ராஸ் நீதிமன்றங்களே இந்த வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பு எழுதி இருக்கின்றன.

அப்படிப்பட்ட வீட்டின் மூத்த பெண்மணிக்கு ஒரு பட்டம் இருந்தது. தாய்க்கிழவி. 1980-களில் இந்த மரபைப் பற்றி ஆய்வு செய்த அம்ரித் சீனிவாசன் இந்தச் சொல்லைக் குறித்து வைத்திருக்கிறார். யாருக்கு என்ன பாடம், யார் எங்கே கச்சேரி, வர்ற பணம் எப்படிச் செலவாகணும், எல்லாம் தாய்க்கிழவி கையில். இன்னைக்கு அது திட்டற வார்த்தை. 2022-ல் வந்த திருச்சிற்றம்பலம் படத்துக்கு அப்புறம் ஆடற வார்த்தை. ஒரு காலத்தில் அது பதவி.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். எங்க பெரியப்பா ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து குடும்ப மரம் ஒண்ணு வரைஞ்சார். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, அஞ்சு தலைமுறை. பெரிய உழைப்பு, நான் குறை சொல்லலை. ஆனா மூணாவது தலைமுறைக்கு மேல போனா எல்லாப் பெட்டியிலயும் ஆம்பளைப் பேருதான். பக்கத்துல 'மனைவி'ன்னு ஒரு சின்னப் பெட்டி, அதுக்குள்ள ஒரு கோடு. எங்க அப்பத்தா 94 வயசு வரைக்கும் இருந்தாங்க. பத்துப் பிள்ளை பெத்து, எட்டை வளர்த்து, நிலத் தகராறுல மச்சினர்களை எதிர்த்து நின்னு வரப்பை மீட்டவங்க. அவங்களோட அம்மா பேரு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கணும்னு யாருக்கும் தோணலை, இருந்த வரைக்கும்.

தனம்மாள் வீட்டுல அந்தக் கோடு போட்ட பெட்டி கிடையாது. பாலசரஸ்வதியின் அம்மா ஜெயம்மாள், அவர் அம்மா தனம்மாள், அவர் அம்மா சுந்தரம்மாள், அவர் அம்மா காமாட்சி, இப்படியே மேலே ஏறி பாப்பம்மாள் வரைக்கும் வந்துவிடலாம். பாலசரஸ்வதியை ஏழாவது தலைமுறை என்று எழுதுகிறார்களே, அந்த ஏழும் பெண்கள்.

நிற்க. பாட்டியிடம் வருவோம்.

தனம்மாள் கற்றது ஒரே ஆளிடம் இல்லை. வீட்டில் அம்மாவிடம் சியாமா சாஸ்திரி வழிப் பாடல்கள். சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீட்சிதர் கிருதிகள். பார்வையற்ற வித்வான் பால்தாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரய்யா பதங்கள். தர்மபுரி சுப்பராயரிடம் அவரே இயற்றிய ஜாவளிகள். (சுப்பராயர் ஒரு ஜாவளியை இவரை மனதில் வைத்தே எழுதினார் என்று இசை உலகில் ஒரு பேச்சு உண்டு. சுவாரசியமான பேச்சு, அதுக்கு மேல நான் போகலை.) நாலு திசையிலிருந்தும் ஓடி வந்த தண்ணீர் ஒரு கிணற்றில் சேர்ந்தது போல. அந்தக் கிணறுதான் வீட்டின் சொத்து. நகை, நிலம் எல்லாம் அப்புறம்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைகள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை தனம்மாள் வீணையோடு உட்காருவார். மிருதங்கம் கிடையாது. விரலில் மீட்டி மாட்டிக்கொள்ளும் பழக்கமும் கிடையாது, வெறும் விரல்தான். வீணையோடு இழைந்து மெல்லப் பாடவும் செய்வார். மைக் இல்லை, மேடை இல்லை. கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் பேர் போன வித்வான்கள். கைதட்டல் கூடாது, பேச்சு கூடாது, இருமினால் கூடப் பாட்டிக்குப் பிடிக்காது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மாதிரி ஆட்கள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போன கூடம் அது.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு பெண், தன் வீட்டுக் கூடத்தில், தான் வைத்த சட்டத்துக்கு ஊரின் பெரிய மனுஷர்களை அடங்கி உட்கார வைக்கிறார். கோர்ட்டில் கர்ஜிக்கிற வக்கீலும் வெள்ளிக்கிழமை அங்கே வாய் திறக்க முடியாது. பாட்டி கறார் பேர்வழி என்று எழுதியவர்கள் எல்லாம் அதை ஒரு கலைஞரின் குணவிசேஷம் என்கிற மாதிரியே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுத் தலைவி வீட்டை நடத்துகிறார், அவ்வளவுதான். அதையே ஒரு பண்ணையார் செஞ்சிருந்தா கம்பீரம்னு எழுதியிருப்போம்.

பணம் மட்டும் அந்தக் கம்பீரத்துக்குக் கட்டுப்படவில்லை. பெரிய குடும்பம், வருபவர்களுக்கெல்லாம் சாப்பாடு, கணக்குப் பார்க்காத கை. பிற்காலத்தில் பார்வை போனது. பணமுடையும் வந்தது. ஆனாலும் கச்சேரியை ஜனரஞ்சகமாக்கி நாலு காசு பார்க்கலாம் என்று இறங்கவில்லை. சபாக்கள் பெருகி, கச்சேரி என்றால் ரெண்டரை மணி நேரம், தனி ஆவர்த்தனம், கைதட்டல் என்று ஆகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பாட்டியின் கூடம் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடியது.

அதற்காகப் பிள்ளைகளை அந்தக் கூடத்துக்குள்ளேயே அடைத்து வைக்கவில்லை. மூத்த மகள்கள் ராஜலக்ஷ்மியும் லக்ஷ்மிரத்னமும் ஜோடியாகக் கச்சேரி செய்தவர்கள். பேத்தி பிருந்தாவைச் சின்ன வயதிலேயே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க அனுப்பினார்கள். இதுல ஒரு வேடிக்கை. நாயனாப் பிள்ளை லயத்தில் புலி. அவர் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆள் இருக்கும், 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே பேர். மிருதங்கமே வேண்டாம் என்கிற வீட்டுப் பேத்திக்கு அங்கே பாடம்! வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்த வீடுதான் இப்படிச் செய்யும்.

ஜெயம்மாளின் மகள் பாலாவுக்கு ஆட்டத்தில் பைத்தியம். காமாட்சி அம்மாளுக்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டும் வீணையும்தான் முன்னுக்கு நின்றன. வெளியிலோ, 'நாட்ச்' ஒழிப்பு என்று 1890-களில் தொடங்கிய பிரசாரம் ஊறி, சதிர் என்றாலே முகம் சுளிக்கும் நிலைமை. அந்த நேரத்தில் ஒரு குழந்தையை ஆட விடுவதென்றால் சும்மா இல்லை. விட்டார்கள். தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் அடி உதையோடு பாடம். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். 1934-ல் கல்கத்தாவில் ஆடினார். பாட்டி இருந்த வரைக்கும் பார்த்தது இவ்வளவு.

இப்ப கஷ்டமான பகுதி.

1927-ல் முத்துலட்சுமி ரெட்டி மெட்ராஸ் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டு வந்தார். 1929-ல் கோயில் மானிய நிலத்தைப் பணியிலிருந்து விடுவிக்கும் திருத்தம் வந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது, தனம்மாள் மறைந்து ஒன்பது வருஷம் கழித்து. முத்துலட்சுமியின் அம்மாவும் இந்தச் சமூகத்துப் பெண்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அப்படியே. 1936-ல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். உள்ளே இருந்து பார்த்தவர்கள், வலித்தவர்கள். பொட்டுக் கட்டுகிற வயதில் ஒரு சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. தனம்மாள் வீட்டு மாதிரி வீடு ஒன்று இருந்தால், வறுமையில் விற்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். அதைச் சொல்லாமல் இந்த மரபை மயிலிறகால் வருடிக்கொண்டிருப்பது அயோக்கியத்தனம்.

அதே சமயம் பெங்களூர் நாகரத்தினம்மா மாதிரியானவர்கள் அந்த மசோதாவை எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தக் காசில் சமாதிக் கோயில் எழுப்பியவர். எங்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் அடிக்காதீர்கள் என்பதுதான் இவர்களுடைய வாதத்தின் சாரம். இரண்டு பக்கமும் உண்மை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனா நடந்தது என்ன? சட்டம் பொட்டை நிறுத்தியது, சரி. கூடவே, ஒரு பெண்ணை வீட்டுத் தலைவியாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடும் போய்ச் சேர்ந்தது. அதே சமூகத்து ஆண்கள் நட்டுவனாராக, நாகசுரக்காரராக, ஆசிரியராகத் தொடர முடிந்தது. பெண்களுக்கு 'கல்யாணம் பண்ணிக்கிட்டு கௌரவமா இரு' என்று சொல்லப்பட்டது. தாய்க்கிழவி பதவியை யாரும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. அதுக்கு உட்கார இடமில்லாமப் போச்சு.

பாட்டு விஷயத்திலும் இதே சண்டைதான். தனம்மாள் வீட்டின் பெரிய பொக்கிஷம் பதங்கள். 17-ஆம் நூற்றாண்டு க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களில் ஒரு பெண் தன் ஆசையை, கோபத்தை, கேலியைக் கூச்சமில்லாமல் பேசுவாள். 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கிய ருக்மிணி தேவி இந்தச் சிருங்காரத்தில் சிலவற்றை மேடைக்கு ஆகாது என்று ஒதுக்கினார். பாலசரஸ்வதி கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சிருங்காரத்தில் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லை என்பது அவர் கட்சி. இதில் நான் பாலா பக்கம். பாட்டி வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட பதத்தை அசிங்கம் என்று யாரோ வெளியிலிருந்து சொன்னால் எந்தப் பேத்தி ஒத்துக்கொள்வாள்?

பாட்டியின் வீணை இன்னைக்கும் இணையத்தில் கிடைக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனி பதிவு செய்த இசைத்தட்டுகள். பக்கத்துக்கு மூணு நிமிஷம் சில்லறை. அறுபது தாண்டிய வயது. வெள்ளிக்கிழமை அந்தச் சின்னக் கூடத்தில் நிதானமாக விரிந்ததை மூணு நிமிஷத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பொரிவது போல ஒரு இரைச்சல், அதுக்கு அடியில் அவசரமே இல்லாத ஒரு கை. ஹெட்போன் மாட்டி, ராத்திரி தெரு அடங்கினப்புறம் கேளுங்க. பஸ்ஸுல கேட்காதீங்க, பாட்டிக்குப் பிடிக்காது.

1938-க்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கரன் வானொலியில் வேலை பார்த்தார், பாட்டி காலத்துக் கதைகளை நிறைய எழுதி வைத்தார். ஜெயம்மாள் 1967-ல் மறையும் வரை மகளின் கலையோடு கூடவே இருந்தார். அவர் பாட மகள் ஆடினதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி எழுதி மாளவில்லை. பாலசரஸ்வதிக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் விஸ்வநாதனுக்கு 1988-லும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. பாலாவைப் பற்றி சத்யஜித் ராய் 1976-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். புல்லாங்குழல் விஸ்வநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். பிருந்தா சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் எடுத்தார். பாட்டியின் கூடத்திலிருந்து மிருதங்கத்தோடு ஒரு பேரன் கிளம்பிப் போனதில் அவருக்கு என்ன கருத்து இருந்திருக்குமோ.

எம்.எஸ். சுப்புலட்சுமி கூட பதம் கற்றுக்கொள்ள பிருந்தாவிடம்தான் வந்தார். அதாவது, ஊரே கௌரவத்தின் சின்னமாகக் கும்பிட்ட ஒரு பாடகி, பதம் வேண்டும் என்றதும் ஏறி வந்த படி இந்த வீட்டுப் படி. முக்தா 2007-ல்தான் காலமானார். 1867-ல் பிறந்த பாட்டியிடமிருந்து 2007 வரை இருந்த பேத்தி. நடுவில் 140 வருஷம், ரெண்டே பேர் கைகோத்து நிற்கும் தூரம்.

கொசுறு: 2010 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை மூன்று பேருக்குத் தபால்தலை வெளியிட்டது. நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை, வீணை தனம்மாள், பாலசரஸ்வதி. பாட்டியும் பேத்தியும் ஒரே நாளில் தபால்தலை ஆனது வேறு எந்த வீட்டில் நடந்திருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அப்படியே, அம்மாவோட அம்மாவோட அம்மா பேரு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல அந்தப் பேரை மட்டும் எழுதிட்டுப் போங்க. தெரியலைன்னா இன்னைக்கு ராத்திரி ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.